ஏழாம் நம்பர் காத்திருக்கிறது

பஸ் ஓட்டுநருக்கு அந்த வீட்டு கேட்டைத் திறக்கக் கை வரவில்லை. முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஊர்ப்பட்ட ஜனத்தை ஏற்றி இறக்கிய மனுஷன். அப்பேர்ப்பட்டவர் இடுப்புயரக் கேட்டுக்கு முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். உள்ளே தோட்டத்தில் பொம்மை ரயில் ஓட்டத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பொம்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் காதில் விழுந்தால் தொலைந்தோம்.

பின்னே என்ன? எலுமிச்சை மரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வரை ஓடும் ஒற்றைத் தண்டவாளம். நாலு ஸ்டேஷன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டைம்டேபிள் போட்டு, ஆளுக்கொரு ரயிலை ரிமோட்டில் ஓட்டியபடி கூடவே நடப்பார்கள். வீட்டுக்காரர் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் எல்லா ரயிலுக்கும் உத்தரவு கொடுப்பார். அவருக்குப் பெயரே கன்ட்ரோலர் என்று ஆகிவிட்டது. அவர் உத்தரவைச் சொன்னால், டிரைவர் அதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக் கன்ட்ரோலர் "சரி" என்பார். அந்தச் "சரி" காதில் விழாமல் ஒரு சக்கரம் உருளக் கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

போன வருடம் ஒரு ஞாயிறன்று பஸ் ஓட்டுநர் அந்தச் சட்டத்தை மீறினார். "ஏழாம் நம்பர், தொட்டியடியில ஒதுங்கி நிக்கணும். எதிர்ல பாசஞ்சர் வருது" என்று உத்தரவு. இவர் கூட ரயில் ஓட்டும் பல் டாக்டரோடு வாயளந்துகொண்டே "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு, தன் சரக்கு ரயிலை அது பாட்டுக்கு விட்டுவிட்டார். ஒற்றைத் தண்டவாளத்தில் விட்டால் என்ன ஆகும்? கன்ட்ரோலர் இரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த பாசஞ்சர் எஞ்சின் மோதி, குப்புறத் தொட்டிக்குள் விழுந்தது.

"திருப்பிச் சொல்லத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்குடா வண்டி ஓட்ட வர்றே?" என்று கத்தினார் கன்ட்ரோலர். அத்தனை பேர் முன்னால். அதுவும் யாரைப் பார்த்து! சுருக்கென்று தைத்தது. ரிமோட்டைப் புல்லில் போட்டுவிட்டு வந்தவர்தான். இருபது வருடச் சிநேகிதம். எட்டு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. அவரே கூப்பிடட்டும் என்று இவர், அவனே வரட்டும் என்று அவர். வீம்பு இருக்கிறதே, அதைத் தூக்கி உடைப்பில் போட! ஒன்பதாம் மாதம் இவருக்கே தாங்கவில்லை. வருகிற ஞாயிறு நேரே போய் "தப்புதாண்ணே" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை கன்ட்ரோலர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாவுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஒரே கேள்வி நெஞ்சை அரித்தது. அண்ணன் என்மேல் கோபமாகவேதான் போனாரா? இதைப் போய் யாரிடம் கேட்பது?

இப்போது அண்ணி, கன்ட்ரோலரின் மனைவி, வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போகிறார். அடுத்த வாரம் தண்டவாளத்தைப் பெயர்க்கப் போகிறார்கள். "கடைசியா ஒரு தடவை எல்லாரும் வந்து ஓட்டுங்க. நீங்களும் வரணும் தம்பி" என்று அண்ணியே போன் செய்தபோது, முடியாது என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை.

கேட்டைத் திறந்து உள்ளே போனார்.

"வாங்க டிரைவரே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் பல் டாக்டர். "உங்க ரயிலால என் இடுப்பே போச்சு, தெரியுமா?"

"என் ரயிலா?"

டாக்டர் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார். வண்டிகள் ஒதுங்கி வழிவிடும் பக்கத் தண்டவாளத்தில் ஏழாம் நம்பர் நின்றது. பச்சை எஞ்சின், பின்னால் ஆறு வேகன். அன்றைக்கு அவர் எங்கே நிறுத்தியிருக்க வேண்டுமோ, சரியாக அங்கே.

"ரிப்பேர் பண்ணி, மாசாமாசம் வீட்டுக்குள்ளேருந்து அவரே தூக்கிட்டு வந்து அங்க வைப்பாரு. யாரும் தொடக் கூடாது. இன்னிக்குத்தான் நாங்க தூக்கிட்டு வந்து வெச்சோம். அந்த எடம் அடைஞ்சு போச்சா, நாங்க ஒவ்வொரு வண்டியையும் எலுமிச்சை வரைக்கும் பின்னாடி தள்ளிட்டுப் போய்தான் ஒதுங்கணும். எட்டு மாசமா குனிஞ்சு நிமிந்து..." டாக்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பாசஞ்சர் ஓட்டும் கணக்கு டீச்சர் கன்ட்ரோலரின் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். மாதத்துக்கு ஒரு பக்கம். எல்லா ரயிலுக்கும் நேரே வந்த மணி, போன மணி. ஏழுக்கு நேரே மட்டும்: டிரைவர் வரவில்லை. காத்திருக்கிறது. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. எட்டாவது பக்கத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது: யாரும் நகர்த்த வேண்டாம். வருவான்.

பஸ் ஓட்டுநர் தொட்டி விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார்.

"படுபாவி நான். நாலு தெரு தள்ளித்தானே டீச்சர் இருக்கேன். நாலு தெரு!"

"அவருக்கும் அதே நாலு தெருதான். நல்லா இருந்தீங்க ரெண்டு பேரும், போங்க!" என்று எரிந்து விழுந்தார் டீச்சர். எரிந்து விழுந்துகொண்டே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது மணி ஆயிற்று. பின்வாசல் நாற்காலியில் யார் உட்காருவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி வந்து உட்கார்ந்தார். "எனக்கு இதுல தலையும் தெரியாது, வாலும் தெரியாது. என்ன சொல்லணும்னு எழுதிக் குடும்மா" என்றார். டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அண்ணி வாக்கிடாக்கியை வாயருகே வைத்து எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார்.

"ஏழாம் நம்பர், தொட்டியடியிலேருந்து ஜன்னலடிக்குப் புறப்படலாம்."

படித்து முடித்ததும் தன் வேலை தீர்ந்தது என்று வாக்கிடாக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஓட்டுநர் ரிமோட்டும் கையுமாக எழுந்து நின்றார். "அண்ணி, அதுக்கு முன்னாடி பழைய உத்தரவு ஒண்ணு இருக்கு. நான் அதைத் திருப்பிச் சொல்லவே இல்ல" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"ஏழாம் நம்பர், தொட்டியடியில ஒதுங்கி நிக்கணும். எதிர்ல பாசஞ்சர் வருது."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அவர் குரல் அண்ணியின் மடியிலிருந்து கரகரவென்று கேட்டது. அண்ணி ஒன்றும் புரியாமல் மடியைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். டாக்டருக்கும் டீச்சருக்கும் அடுத்து என்ன வர வேண்டும் என்று தெரியும். அதைச் சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

வாக்கிடாக்கியைக் காதோடு வைத்து அழுத்தியபடி அவர் நின்றார். ஒன்பதே கால் ஆயிற்று.

"டிரைவரே, புறப்படலாம்" என்றார் டாக்டர் மெதுவாக.

"இருங்க டாக்டர். அண்ணன் இன்னும் சரி சொல்லல."