அசையாத நூற்றுப் பத்து

பால் பண்ணையில் அவரை எல்லோரும் மூக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் லாரியிலிருந்து இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்து, மூக்கை அருகில் கொண்டுபோய், "உள்ளே" அல்லது "வெளியே" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. அவர் வெளியே தள்ளிய கேனை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தாலும் அது கெட்ட பால் என்றுதான் வரும். வீட்டிலும் அதே பேர்தான். மிச்சம் வைத்த சாப்பாடு ஊசிவிட்டதா, அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறதா, எதுவானாலும் மனைவி முதலில் கூப்பிடுவது அவரைத்தான்.

அந்த மூக்கு செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று காத்திருந்தார். வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. "இந்தக் காலத்துல மூக்கை மட்டும் நம்பலாமா?" என்று பண்ணையில் பெரிய மனுஷன்போல் பேசி, ஒவ்வொரு கேனிலிருந்தும் பால் எடுத்து அமிலச் சோதனைக்கு அனுப்ப ஆரம்பித்தார். முகர்வது மட்டும் நிற்கவில்லை. தினமும் மூடியைத் திறந்து குனியும்போது காது பின்பக்கமே இருக்கும். பின்னால் நிற்பவன் எவனாவது, "சார், இது நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டால் அன்றோடு கதை முடிந்தது.

இப்படி அவர் பயத்தில் வெந்துகொண்டிருந்தபோதுதான் மச்சான் புகை அடுப்போடு வந்து சேர்ந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். எதையும் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர். எங்கேயோ ஒரு நண்பன் வீட்டில், நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் புகையிலேயே வெந்த இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை. தன் வீட்டில் அடுப்பு வைக்க இடம் கிடையாது. தங்கை வீட்டில்தான் தோட்டம் இருக்கிறது. ஆகவே அடுப்பு இங்கேதான் என்று அவரே தீர்மானம் போட்டு, அவரே நிறைவேற்றிக்கொண்டார்.

"மாப்ள, நீங்கதான் கூட வரணும். உங்க மூக்கு இருக்கும்போது நமக்கு என்ன கவலை?"

கடையில் மூன்று வகை நின்றன. ஒன்று, பக்கவாட்டில் விறகு எரிக்கும் பெட்டி ஒட்டிய இரும்புப் பீப்பாய். பார்க்க ஜம்மென்று இருந்தது. ஆனால் கைக்குழந்தையைப்போல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விறகு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். இன்னொன்று, தடித்த பீங்கான் முட்டை. ஒரு முறை சூடேறினால் மணிக்கணக்கில் இறங்காது. நான்கு பேர் சேர்ந்தாலும் அதை நகர்த்த முடியாது என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். மூன்றாவது, நிமிர்ந்து நிற்கும் உருளை. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே இறைச்சி. தண்ணீர் சூட்டை ஏறவிடாமல் பிடித்து வைக்குமாம். தகடுதான் மெல்லியது. மச்சான் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நூத்திப் பத்து டிகிரியில நிக்கணும். அதுதான் முழு வித்தையே," என்றார் கடைக்காரர். "காத்து அடிச்சா மட்டும் இது கொஞ்சம் ஆட்டம் காட்டும். மத்தபடி தங்கம். புகை மெல்லிசா, நீலமா வரணும். வெள்ளையா கெட்டியா வந்தா கறி கசந்துடும். அதை மூக்கே சொல்லிடும்."

"கேட்டீங்களா மாப்ள? இதுக்குன்னே பொறந்த மூக்கு!"

மூக்குக்காரருக்கு வியர்த்தது. அவர் கண் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியின்மேல் இருந்தது. இரண்டு கம்பிகள், ஒன்றை இறைச்சியில் குத்தலாம், மற்றொன்றை அதன் பக்கத்துத் தட்டில் மாட்டலாம். எண்ணைக் காட்டும் சிறு பெட்டி வயர் இல்லாமல் அடுக்களையில் உட்கார்ந்திருக்கும். எண்ணைப் பார்க்கக் கண் போதும்.

"இதுவும் வேணும்," என்றார்.

"எதுக்கு மாப்ள? மூடியிலயே ஒரு முள்ளு இருக்கே."

"மூடியில இருக்கறது மூடியோட சூட்டைத்தான் சொல்லும். கறி இருக்கற இடத்துல என்னன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னது சரியான நியாயம்தான். சொன்னதற்குக் காரணம் வேறு. கடைக்காரர் அதற்குள் இரண்டு டப்பாக்களில் மரச் சில்லுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். "மோந்து பாருங்க சார். எது புடிக்குதோ அதைப் போட்டுத் தரேன்."

முதல் டப்பாவில் முகத்தை வைத்தார். ஒன்றுமில்லை. இரண்டாவதில் வைத்தார். அதிலும் ஒன்றுமில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"இது," என்று இரண்டாவதைக் காட்டினார்.

கடைக்காரர் திகைத்தார். டப்பாவை வாங்கி அவரும் முகர்ந்தார். "ஐயோ, மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். இது மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்சது சார். குப்பையில போட வச்சிருந்தேன். இந்த நாத்தத்தையா...?"

மச்சான்தான் காப்பாற்றினார். விழுந்து விழுந்து சிரித்து, "உங்களை டெஸ்ட் பண்றார்யா மனுஷன்! யாருகிட்ட!" என்று கடைக்காரரின் தோளைத் தட்டினார். மூக்குக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு தோட்டத்தில் இறங்கியது. சக்கரப் பலகை ஒன்றின்மேல் அதை நிறுத்தி, வெயிலுக்குத் தக்கபடி தள்ளிக்கொள்ளலாம் என்று மச்சான் ஏற்பாடு செய்திருந்தார். மனைவி தைக்கக் கொடுத்த துணியை வாங்கி வரக் கிளம்பினாள். "பாப்பாவுக்குத் தலைவலி, மேல தூங்கறா. எழுப்பாதீங்க. வீட்டைப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாப்பா என்று கூப்பிட்டாலும் மகளுக்குப் பதினாறு வயது. அவள் அறை காரை நிறுத்தும் ஷெட்டுக்கு நேர் மேலே இருந்தது. ஷெட்டுக்குள்ளிருந்தே அந்த அறைக்கு ஒரு மரப்படி உண்டு. படியின் உச்சியில் இருக்கும் கதவு என்றைக்குமே ஒழுங்காகச் சாத்தியதில்லை.

மூக்குக்காரர் அடுக்களையில், எண் காட்டும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே நல்ல காற்று. எண் தொண்ணூற்றைந்துக்கு விழும். மச்சான் கீழே காற்றுத் துளையைத் திறப்பார். நூற்று முப்பதுக்கு எகிறும். மச்சான் மூடுவார். மறுபடி விழும். ஜன்னலுக்கு வெளியே மச்சான் அடுப்பைத் திட்டிக்கொண்டே இருப்பது நன்றாகக் கேட்டது. அடுப்பைத் திட்டி முடித்துக் காற்றைத் திட்டினார், பிறகு கடைக்காரனின் வம்சத்தைத் திட்டினார். அப்புறம் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் எண் நூற்றுப் பத்துக்கு வந்தது. வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நூற்றுப் பத்து. நூற்றுப் பத்து. மறுபடியும் நூற்றுப் பத்து.

அவருக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறையாக, மூக்கு இல்லாமலே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ய முடிகிறது என்று தோன்றியது. பால் பண்ணையிலும் இப்படி ஏதாவது ஒரு கருவியை மாட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளிவிடலாம். தலை லேசாக வலித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொடியில் காயும் துண்டு பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. காற்று நிற்கவே இல்லை.

திரும்பி எண்ணைப் பார்த்தார். நூற்றுப் பத்து.

இத்தனை காற்றில் எப்படி அசையாமல் நிற்கும்? அந்த மெல்லிய தகட்டின்மேல் காற்று படவில்லை என்றால்தான் அப்படி நிற்கும். காற்றே படாத இடம் தோட்டத்தில் ஏது?

பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அடுப்பு நின்ற இடத்தில் கொஞ்சம் சாம்பல் மட்டும் கிடந்தது. மச்சானையும் காணவில்லை. சக்கரத் தடம் புல்லின்மேல் நேராக ஷெட்டுக்குப் போயிருந்தது. ஷெட்டின் ஷட்டர் ஒரு சாண் இடைவெளி மட்டும் விட்டுக் கீழே இறங்கியிருந்தது.

ஷட்டரைத் தூக்கினார். உள்ளேயிருந்து புகை குபுகுபுவென்று அவர் முகத்தில் வந்து மோதியது. கண் எரிந்தது. மூக்குக்கு மட்டும் எதுவுமே நடக்காததுபோல இருந்தது. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி எத்தனை படித்திருக்கிறார்! அந்த நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. கூட வரும் புகைக்கு உண்டு. அதுதான் மனிதனைத் தட்டி எழுப்பும். அது அவர் உட்கார்ந்திருந்த அடுக்களை வரைக்கும் வந்து இத்தனை நேரமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

படியில் எப்படி ஏறினார் என்று அவருக்குத் தெரியாது. அறையின் ஜன்னல் சாத்தியிருந்தது. மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"கண்ணு! எந்திரி! கண்ணு!"

தோளைப் பிடித்து உலுக்கினார். தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியதே தவிர, அவள் கண் திறக்கவில்லை. கன்னத்தில் அடித்தார். அவள் பிறந்ததிலிருந்து அவர் அவளை அடித்ததே இல்லை. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அறையின் மறுபக்கக் கதவைத் திறந்து வீட்டுப் படி வழியாக இறங்கினார். விழுந்தால் இரண்டு பேரும் இங்கேயே என்ற எண்ணம்தான் அவரை நிறுத்தாமல் வாசலுக்குத் தள்ளியது.

மனைவி அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். துணிப்பை கீழே விழுந்தது.

"என்னாச்சு? ஐயோ, என்னாச்சு இவளுக்கு? தெருமுனையிலயே புகை நாத்தம் குடலைப் பிடுங்குது. நீங்க உள்ளதான இருந்தீங்க?"

மகளைப் புல்லில் கிடத்தியதும் அவள் இருமினாள். பிறகு வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியைப் பார்த்து அவர் கடவுளைக் கண்டதுபோல அழுதார்.

மச்சான் கூடுதல் கரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தெருவில் ஆம்புலன்ஸைப் பார்த்தவர் கரி மூட்டையோடேயே பின்னால் ஓடிவந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கரி படிந்த கையால் தலையில் அடித்துக்கொண்டார். "காத்துல சூடு நிக்கல, அதான் உள்ள தள்ளினேன். மாப்ளதான் வீட்டுல இருக்காரே, ஏதாவது ஒண்ணுன்னா அவருக்கு மொதல்ல தெரிஞ்சுடுமேன்னு..."

டாக்டர் அம்மா வெளியே வந்தார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், பேச ஆரம்பித்துவிட்டாள், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு, "எவ்வளவு நேரம் அந்தப் புகையில இருந்தாள்னு எனக்குத் தெரியணும். வீட்டுல யார் இருந்தது? புகை வாசனை எப்ப வர ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்தது. உள்ளே மகள் முகமூடிக்குள் மூச்சு வாங்குவது கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"தெரியாது டாக்டர். எனக்கு வாசனையே தெரியாது."

"மாப்ள, வெளையாடற நேரமா இது?" என்றார் மச்சான்.

"வெளையாடல. காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் எதுவுமே தெரியல. எண்ணு அசையாம நிக்க ஆரம்பிச்சதுல இருந்து கணக்கு வச்சுக்கங்க. முக்கால் மணி நேரம் இருக்கும்."

டாக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு."

"நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, பண்ணைக்கு மேனேஜரா?"

"நாளைக்குப் பண்ணையில சொல்லிடறேன்," என்றார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

மகளின் கட்டிலருகே இருவரையும் உட்கார விட்டார்கள். அவள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, "நீங்க மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலையாமே. போய் எதாவது சாப்பிட்டுட்டு வாங்கம்மா. அதான் அப்பா பக்கத்துல இருக்காரே," என்று மனைவியிடம் சொன்னாள்.

மனைவி எழுந்தாள். கதவுவரை போனாள். அங்கே நின்று மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பசிக்கல," என்றாள் நர்ஸிடம்.