நான்காம் கூண்டு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, ஆய்வகத்தின் விலங்கறையில் நான்காம் கூண்டில் இருந்த எலிகள் அனைத்தும் உயிரோடு இருந்தன.

அவை செத்திருக்க வேண்டும். தடுப்பூசி ஆய்வின் அணித்தலைவி குனிந்து கூண்டின் எண்ணை மறுபடி பார்த்தாள்.

அவளுடைய தடுப்பூசி, மனித செல்களில் வளர்த்துக் கொன்ற வைரஸ். அது முதல் மூன்று கூண்டுகளுக்கு. நான்காவதற்கு, வைரஸே படாத வெறும் மனித செல்கள். பிறகு எல்லா எலிகளுக்கும் உயிருள்ள வைரஸ். நான்காம் கூண்டையே, கூடப் படித்து இப்போது கூடவே வேலை பார்ப்பவனின் வாயை அடைக்கத்தான் சேர்த்திருந்தாள். ஆய்வகத்தில் அவனுக்குப் பெயரே ‘சந்தேகம்’.

“கூண்டு மாறிப்போச்சாடா?”

“காது வளையத்துல இருக்கிற நம்பரைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன் தாயே. எலிக்கே என்மேல பயம் விட்டுப்போச்சு.”

“வெறும் செல்லு எப்படிக் காப்பாத்தும்?”

“வைரஸ் செல்லை விட்டு வெளிய வரும்போது அதோட சவ்வைப் பிச்சுப் போத்திக்கிட்டு வருது. அதுல மனுஷப் புரதம் ஒட்டியிருக்கு. எலி உடம்பு திருடனை விட்டுட்டு அவன் போர்வையைப் பிடிச்சிருக்கு.”

“கடைசியா விட்ட வைரஸும்...”

“அதே மனுஷ செல்லுல வளர்த்ததுதான். மனுஷங்க உடம்புக்கு அந்தப் போர்வை சொந்தப் போர்வை. கண்டுக்காது.”

மதியம், தடுப்பூசியின் வெற்றியை அறிவிக்கப் பத்திரிகையாளர் கூட்டம். அடுத்த மாதம் காய்ச்சல் வார்டு நர்ஸுகளுக்கு முதல் ஊசி. அவர்களில் ஒருத்தி அவள் தங்கை. “ஊசி போட்டதும் இந்த மாஸ்கைக் கழட்டி வீசிடுவேன்க்கா” என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தாள்.

கைப்பேசி அடித்தது. இயக்குநர்.

“என்னம்மா, எல்லாம் ரெடிதானே?”

மேடையில் காட்டவிருந்த படங்களில் நான்காம் கூண்டு இல்லை. கேட்கவும் யாரும் இல்லை. சந்தேகம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூட்டம் வேண்டாம் சார்.”

“விளையாடுறியா? எல்லாரும் கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க.”

“வெறும் செல்லு போட்ட எலியும் பிழைச்சிருக்கு சார். நம்ம ஊசி வேலை செய்யுதான்னே இப்போ தெரியாது.”

“ஒரு கூண்டுக்காகவா?”

“ஆமா சார்.”

இயக்குநர் தொடர்பைத் துண்டித்தார். கூட்டம் ரத்தானது.

அடுத்த மாதம், புதிதாகத் தடுப்பூசி போட்ட எலிகளுக்கு மனிதப் போர்வை இல்லாதபடி எலி செல்களில் வளர்த்த வைரஸைச் செலுத்தினார்கள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நர்ஸுகளுக்கான ஊசித் திட்டம் கைவிடப்பட்டது. தங்கை மாஸ்க் அணிந்து வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.