தையல் கடிதம்

மச்சான் மடிக்கணினியை மேசையில் வைத்து, பையிலிருந்து துணியெடுத்துத் திரையைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், எதையும் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். என் மனைவியின் அண்ணன். அவள் இறந்தபின் இந்த வீட்டுக்கு அதிகம் வருவது அவர்தான்.

"படிச்சுப் பாரு மாப்ள. வக்கீலம்மா எழுதினது. உரிமை கை மாறுதுன்னா இப்படித்தான் எழுதணுமாம்."

தலைப்பு வரியைத் தாண்ட முடியவில்லை. 'வலிப்பு நோயாளிகள் அஞ்சல் பட்டியல்: உரிமையாளர் மாற்றம் பற்றிய அறிவிப்பு.'

பட்டியல் அவளுடையது. வலிப்பு உள்ள பெண்களுக்கு வாராவாரம் மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினாள். அவளுக்கும் இருந்தது. எந்த மாத்திரை எவ்வளவு தூங்கவைக்கும், அடுப்பின் முன் நிற்கும்போது வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும், மேலதிகாரியிடம் என்ன சொல்லி விடுப்பு வாங்குவது என்று எழுதுவாள். வாங்கிப் படித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் நோயை மறைத்தவர்கள். அதனால் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே தலைப்பு: 'இந்த வாரத் தையல் குறிப்பு.' முதல் பத்தியில் காஜா எடுப்பது, கழுத்து வெட்டுவது என்று உண்மையிலேயே தையல் இருக்கும். அதை எங்கிருந்தோ பார்த்து எழுதினாள். அவளுக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. வீட்டில் நான்தான் தைப்பேன்.

படிப்பவர்களின் பெயரை என்னிடம்கூடச் சொல்ல மாட்டாள். பட்டப்பெயர்தான். ஒருத்தி மாடிப்படி. வலிப்பு வந்து விழும்போதெல்லாம் படியில் வழுக்கிவிட்டதாகப் புகுந்த வீட்டில் சொல்வாளாம். அந்த வீட்டில் மாடிக்குப் போக ஏழெட்டுப் படிதான், அதில் இத்தனை தடவை எப்படி விழுகிறாள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் கேட்டுச் சிரிக்கிறாராம். இதைச் சொல்லும்போது என் மனைவியும் சிரித்தாள். பிறகு தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கடிதங்களை அனுப்பிய இணையதளம் மச்சான் பெயரில் இருந்தது. ஆரம்பத்தில் பணம் கட்டியவர் அவர். எழுத ஆளில்லாமல் அது சும்மா கிடந்தது. வலிப்பு மாத்திரை செய்யும் ஒரு நிறுவனம் வாங்கிக்கொள்ளக் கேட்டது. பட்டியலை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். யார் வாங்குகிறார்கள், எதற்கு, என்னென்ன விவரம் போகிறது என்பதை ஒவ்வொருவருக்கும் புரியும்படி எழுத வேண்டும். சம்மதம் சொன்னவர்கள் மட்டும் புதிய கைக்குப் போகலாம், மற்றவர்களை அழித்துவிட வேண்டும். சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். கடையில் கூட்டம் என்று மச்சான் என் எண்ணைப் போட்டிருந்தார். நல்ல விதிகள். எதிலும் குறை சொல்ல முடியவில்லை.

தலைப்பில் தையல் குறிப்பு என்றே இருக்கட்டும் என்றேன். மச்சான் உடனே வக்கீலம்மாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"தையல்னு சொல்லித் திறக்க வெச்சு, உள்ள கம்பெனி மாறுதுன்னு எழுதினா அது ஏமாத்து சார். அப்படி வாங்கின சம்மதம் செல்லாது."

இவர்கள் மறைத்து வாழ்கிறவர்கள் என்றேன். அப்படியானால் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார் வக்கீலம்மா. எண்கள் எங்களிடம் இல்லை. அவள் யாரிடமும் கேட்டதில்லை; தெரியாத விவரம் யார் கைக்கும் போகாது என்பாள்.

"அழிச்சிடலாம் மச்சான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். "அவ துணியெல்லாம் தூக்கிக் குடுத்த. நான் வாயத் தொறந்தேனா? இதையும் அழிச்சிட்டா, அப்படி ஒருத்தி இருந்தாங்கிறதுக்கு என்னடா மிச்சம்?"

"மாத்திரைக் கம்பெனிதான் மிச்சமா?"

"அந்த மாத்திரைதான அவள இத்தன வருஷம் நிக்க வெச்சுது."

"அன்னிக்குக் குளியலறையில நிக்க வைக்கலியே."

இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்த வக்கீலம்மாதான் வழி சொன்னார். 'முக்கிய அறிவிப்பு' என்று மட்டும் போடுங்கள், அதில் பொய்யும் இல்லை, நோயின் பேரும் இல்லை என்றார். மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. மச்சான் என்னையே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

மறுநாள் பதில்கள் வரத் தொடங்கின. பலர் சம்மதித்தார்கள். சிலர் அவளுக்காக இரண்டு வரி எழுதினார்கள். சிலர் 'அழித்துவிடுங்கள்' என்று மட்டும். ஒருத்தி, அவர் எப்படி இறந்தார் என்று கேட்டிருந்தாள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று மச்சான் கடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

மாலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, புது எண். ஆண் குரல், மரியாதையாக.

"பட்டியல் பொறுப்பாளர் நீங்கதானே சார்? என் சம்சாரம் பேருக்கு ஒண்ணு வந்திருக்கு. அவ அஞ்சல் என் போன்லயும் வரும். நான் எதையும் பாக்கறதில்ல. முக்கிய அறிவிப்புன்னு இருந்துச்சு, அதான் தொறந்தேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். தையல் குறிப்பை எந்தக் கணவனும் திறப்பதில்லை. முக்கிய அறிவிப்பைத் திறக்காத கணவன் இல்லை. இத்தனை வருடம் அவள் தெரிந்து செய்ததை, படித்தவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே நாளில் திருத்திவிட்டோம்.

"படியில விழுந்துட்டேன், படியில விழுந்துட்டேன்னு சொல்லுவா சார். எங்கம்மா கிண்டல் பண்ணுவாங்க. நானும்தான் சிரிச்சிருக்கேன். அது இதுதானா?"

வக்கீலம்மா விதிகளை எழுதிக் கொடுத்திருந்த தாளில் இதற்கும் ஒன்று இருந்தது. அதையே சொன்னேன்.

"உறுப்பினர் விவரத்த வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாது சார்."

"அப்ப உறுப்பினர்தான்."

சட்டப்படி சரியாகச் சொல்லி, காட்டிக்கொடுத்தேன். தவறுதலாக வந்திருக்கலாம் என்று பிறகு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய அஞ்சல்களையும் தேடிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். வாராவாரம் தையல் பற்றி வந்திருக்கிறதாம்.

"எங்க வீட்ல ஊசிகூடக் கிடையாது சார்."

கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். போனை வைத்திருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அறிவிப்புல போட்டிருந்தீங்களே, இதை ஆரம்பிச்சவங்க இறந்துட்டாங்கன்னு. உங்களுக்கு அவங்க?"

"மனைவி."

"அவங்களுக்கும் இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். இறந்தவளின் விவரம் யாருக்குச் சொந்தம் என்று எந்தத் தாளிலும் பார்த்த நினைவில்லை.

"உங்ககிட்ட சொன்னாங்களா சார்? கல்யாணத்துக்கு முன்னாடி?"

சொன்னாள். முதல்முறை சந்தித்தபோது, தன் பெயரைச் சொல்லுமுன் அதைத்தான் சொன்னாள். அதை நான் இப்போது சொன்னால் அவர் மனைவி பொய்க்காரி ஆவாள். இல்லை என்று சொன்னால் என் மனைவி பொய்க்காரி ஆவாள். அவளைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. இனிச் சொன்னால் திருத்த அவள் இல்லை.

அவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டின்மேல் தட்டு வைக்கும் சத்தம். மாடிப்படிதான் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாக எதையோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது.

"யாருங்க போன்ல?" என்றது ஒரு பெண் குரல்.

தண்ணீர் நின்றது. ஈரக்கையைத் துணியில் துடைத்தபடி யாரோ நடந்து வரும் ஓசை நெருங்கியது.