தொண்டை கட்டிய நாள்

...இன்னும் சத்தத்தைக் காணோமே, விடிந்ததுமே தொடங்கிவிடுமே வேலிக்கு அந்தப் பக்கம் தாண்டவராயன் பெரியப்பாவின் ஒலிபரப்பு, ‘இதோ கோழி எறங்குது, இதோ பனி வெலகுது, வாத்தியாரு சைக்கிள் தொடைக்கிறாரு, நீலா சிரிச்ச மூஞ்சா வேலியோரம் நிக்குது’ என்று, கலசப்பாக்கத்திலிருந்து இந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நாலு வருடம், நாலு வருடமும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் காப்பி குடித்திருக்கிறேன், கண்ணெதிரே நடப்பதை இந்த மனுஷர் எதற்கு வாயால் வேறு சொல்ல வேண்டும், ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தவள் நான், கிணற்றடியில் சொல்லிச் சிரித்தவளும் நான், அந்த ரேடியோ இன்று ஊமையாகக் கிடக்கிறது என்றதும் புளியில் கொட்டை எடுக்கிற கை ஓட மாட்டேன் என்கிறதே, ஏன்?

ஏன் என்று எனக்குத் தெரியும். போன புரட்டாசியில் பெரியப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம், குழம்பு கொடுக்கிற சாக்கில் அந்த வீட்டுக்குள் போனேன் (சாக்கு இல்லாமலும் போவேன், அது வேறு), வெள்ளையம்மாள் பெரியம்மா என்னைப் பார்த்து, ‘பச்சைப் பொடவ ஒனக்கு எடுப்பா இருக்குது நீலா’ என்றாள். பச்சை முந்தின நாள் கட்டியது, கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, நான் கட்டியிருந்ததோ அரக்கு... என் புத்தி என்னை விட்டு எங்கே போகும், சத்தமில்லாமல் நாலடி தள்ளி நின்று பார்த்தேன், அந்தக் கண்கள் பழைய இடத்திலேயே நின்றன. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மாவே சிரித்தாள், ‘இன்னா, தெரிஞ்சிபோச்சா? டாக்டருங்க பாத்தாச்சிம்மா, நரம்பு போய்டுச்சாம், ஒண்ணும் பண்ண முடியாதாம். ஊருக்கே வோணும்னாலும் சொல்லிக்கோ, எம்புள்ளைக்கு மட்டும் சொல்லிடாத. இங்கன எனக்குப் பன்னெண்டு அடில அடுப்பு, முப்பது அடில பலாமரம். திருப்பத்தூருக்கு இட்டுனு போயி ஒரு மூலைல ஒக்கார வெச்சி வேளாவேளைக்குச் சோறு போடுவான். நல்ல புள்ள, அதான் பயம்.’ அப்போதுதான் உறைத்தது, அந்த ரேடியோ ஊருக்கு இல்லை, ஒரே ஒரு ஆளுக்கு. அன்றிலிருந்து எட்டு மாதம், இவ்வளவு பெரிய சேதியை வாயில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கிறேன், என் பிறந்த வீட்டில் சொன்னால் நம்புவார்களா?

வேலியில் எக்கிப் பார்த்தால், பெரியப்பா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார், என்னைக் கண்டதும் வாயைத் திறக்கிறார், கரைக்கு வந்த மீன் மாதிரி, காற்றுதான் வருகிறது, தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. நல்ல நாள் பார்த்துக் கட்டியிருக்கிறதே, பதினோரு மணி பஸ்ஸில் மகன் லட்சுமணன் வருகிறான், அவன் கடுதாசியை என் வீட்டுக்காரர்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டினார், நான் அடுப்படியில் இருந்தேன், காது சும்மா இருக்குமா, ‘போன தடவை அம்மா தட்டுத் தடுமாறியது போலிருந்தது, இந்தத் தடவை சரியில்லை என்று பட்டால் கையோடு அழைத்து வந்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தான். கையோடு... அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும், ஒரு பூட்டு. வளைவில் பஸ் ஹாரன் கேட்டது, புளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவன் வாசலை மிதிப்பதற்குள் ஆரம்பித்தேன், ‘அடடே லட்சுமணன் தம்பி, படியிலயே நின்னுட்டீங்களே, மஞ்சப் பையில இன்னாங்க, பன்னா? முன்னால முடியெல்லாம் கொட்டிப் போச்சே!’ பெரியம்மா நேராகப் படியைப் பார்த்து, ‘ஆமாண்டா, ஒங்கப்பனுக்கே இவ்ளோ சீக்கிரம் கொட்டல’ என்றாள். அவன் சிரித்தான், ‘அப்பாவுக்குத் தொண்ட போனா இன்னா, அதான் வாத்தியாரூட்டு அக்கா இருக்காங்களே.’ இருக்கிறேனே, இதற்காகவாவது இருக்கிறேனே, கோழி கூடையில் ஏறினதும் பூனை பாலை மோந்ததும் நானே சொன்னேன், மூச்சு வாங்கியது, இந்த வேலையை அந்தக் கிழவர் எத்தனை வருடமாகச் செய்கிறார்! சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தவன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தான், பேரன், ஸ்டுடியோவில் எடுத்தது, ‘யார் ஜாடை, சொல்லும்மா’ என்று கையில் கொடுத்தான். பெரியம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தாள். பெரியப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. நான் வெட்கத்தை விட்டு, வெடுக்கென்று பிடுங்கினேன், ‘குடுங்க குடுங்க, நான் மொதல்ல பாக்கறேன், ஐயோ இந்த நெத்தி, முறம் மாதிரி வெடைச்ச காது!’ லட்சுமணன் ஆச்சரியப்படவே இல்லை, இவள் பிடுங்காவிட்டால்தானே அதிசயம் என்கிற முகம், நாலு வருடமாகச் சம்பாதித்த கெட்ட பெயர் ஒரு நாளைக்கு உதவியது. ‘வெடைச்ச காதா? அப்ப ஒங்கப்பன்தான்’ என்றாள் பெரியம்மா. மகன் விழுந்து விழுந்து சிரித்தான், பெரியப்பா காதைத் தடவிக்கொண்டார்.

மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, ‘அம்மா நல்லாத்தான் இருக்கா, நாந்தான் வீணா பயந்துட்டேன்’ என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனான். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘போறானா?’ ‘போறாருங்க, வளைவுகிட்ட.’ ‘திரும்பிப் பாத்தானா?’ அவன் பார்க்கவில்லை, பஸ் போய்விடுமே என்று ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான். ‘பாத்தாருங்க பெரியம்மா, நின்னு கைய ஆட்டனாரு’ என்றேன், யோசிக்கவேயில்லை, தானாக வந்தது. அவள் காற்றில் கையை ஆட்டினாள். தலையைத் திருப்பினால் பெரியப்பா என்னையே பார்க்கிறார், திகைப்பெல்லாம் இல்லை, சக தொழில்காரனைச் சந்தையில் கண்டதுபோல் மெல்லத் தலையை ஆட்டுகிறார்... சட்டென்று ஞாபகம் வந்தது, போன வருடம் ‘பலா காச்சித் தொங்குது, கைக்கெட்ற ஒசரத்துல’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த வருடம் அந்த மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லையே, கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று கிணற்றடியில் சிரித்தேனே... அப்படியானால் இத்தனை வருடமாக அவர் சொன்னதில் எது இருந்தது, எது இல்லை, ‘நீலா சிரிச்ச மூஞ்சா வேலியோரம் நிக்குது’, என்றைக்காவது, ஒரு நாளாவது, அந்த வேலியோரம் நான் சிரித்த முகமாக நின்றேனா?