தப்பான பக்கம்

அன்று சூரிய உதயம் ஆறு பதினெட்டுக்கு. அதற்கு முன் சுட்டால் துப்பாக்கி உரிமம் போய்விடும். நாங்கள் மூவரும் லாரிக்குள் உட்கார்ந்து வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம்.

ஓட்டுநர் இருக்கையில் குமாகாய். எங்கள் வேட்டைச் சங்கத்தின் தலைவர். நடுவில் தொகாஷி. ஒரு சோற்றுருண்டையை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் கதவோரம்.

"மிட்சுயோ அக்கா, ஒண்ணு வேணுமா? உள்ள சால்மன் மீன் வச்சிருக்கு."

"நீயே தின்னு."

"இவ சாப்பிட மாட்டா," என்றார் குமாகாய். "நெமோதோ என்ன சொல்வாரோன்னு கவலை."

உண்மைதான். நெமோதோ மான்கறிக் கூடத்தின் பொறுப்பாளர். போன வாரம் நான் கொண்டுபோன மானை அவர் வாங்கவில்லை. சதுப்பிலிருந்து இழுத்து வர நேரமாகிவிட்டது, கறி கெட்டிருக்கும் என்றார். இன்னொன்று இப்படி வந்தால் இந்தக் குளிர்காலம் முழுக்க உங்கள் மான் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கோடையில் நான் கடற்கரையில் கடற்பாசி உலர்த்தும் வேலைக்குப் போவேன். பனி விழுந்தபின் மான் மட்டும்தான். இந்தப் பக்கத்தில் வேறு கூடம் இல்லை.

வெளிச்சம் வந்தது. இறங்கினோம்.

மூங்கில் புல் சரிவில் ஒரு பெட்டை மான் நின்றது. கழுத்தில் சுட்டேன். நின்ற இடத்திலேயே மடிந்தது. ஓடிப்போய் அதன் தலையைச் சரிவின் கீழ்ப்பக்கம் திருப்பினேன். இதயம் நிற்பதற்குள் ரத்தத்தை வடிக்க வேண்டும். கழுத்தும் நெஞ்சும் சேரும் குழியில் ஒரே குத்து. கத்தியை இதயத்துக்கு மேலே கொண்டுபோய் லேசாகத் திருப்பினால் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

உறையிலிருந்து உருவினேன். குத்தினேன்.

இறங்கவில்லை.

தோலில் முட்டிக்கொண்டு நின்றது. என் கத்தி அப்படி நின்றதே இல்லை. உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினேன். சட்டென்று உள்ளே போனது, ஆனால் நான் அனுப்பிய திசையில் போகவில்லை. வலப்பக்கம் சறுக்கியது. ரத்தம் வந்தது, போதிய வேகம் இல்லை. கூடவே பச்சையாக ஒரு சாறு. புளித்த புல்லின் நாற்றம்.

"என்ன ஆச்சு?" என்றான் தொகாஷி.

மறுபடி குத்தினேன். இரண்டாவது குத்து வேண்டியதே இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கூடத்தின் வாசலில் நெமோதோ வெள்ளை ரப்பர் பூட்ஸோடு நின்றார். குத்தின வாயை விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"உணவுக்குழாய் கிழிஞ்சிருக்கு. நெஞ்சுக்குள்ள எல்லாம் போயிருக்கு. என்னக்கா இது, குத்தினீங்களா, கிண்டினீங்களா?"

"கத்தி இறங்கல."

"மழுங்கிருச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குமாகாய் பேசினார். "மழுங்கவெல்லாம் இல்ல. நேத்து சாயங்காலம் நானே தீட்டி வச்சேன். புது பெல்ட் சாணை வாங்கியிருக்கேன்ல, அதுல. முழங்கை முடியைச் சிரைச்சுப் பாத்துட்டுதான் உறையில போட்டேன்."

நெமோதோ என் கையைப் பார்த்தார்.

"அப்ப கைதான்," என்றார் குமாகாய். "வயசாகுதுல்ல. அத விடுங்க. திங்கக்கிழமை மெஷினை இங்க கொண்டாறேன். உங்க கூடத்துக் கத்தி அத்தனையும் ஒரு கை பாத்துடலாம்."

"கொண்டாங்க தலைவரே, புண்ணியமாப் போகும்."

என் கத்தியை யாரிடமும் நான் கொடுக்கவில்லை. நேற்று இடுப்பு வாரோடு சங்கக் குடிலின் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தேன். இப்போதுதான் உருவி நன்றாகப் பார்த்தேன்.

அது ஒருபக்கச் சரிவுக் கத்தி. சரிவு முழுவதும் இடப்பக்கம். வலப்பக்கம் தட்டை. இடக்கைக்காரருக்கு அப்படித்தான் அடிப்பார்கள். கடையில் கிடைக்காது, கொல்லரிடம் சொல்லி அடிக்க வேண்டும். இப்போது அந்தத் தட்டைப் பக்கத்தில் அடியிலிருந்து நுனிவரை பளபளவென்று ஒரு புதுச் சரிவு ஓடியது. நுனி உருண்டிருந்தது. சாணையில் ஓடும் பட்டையை விட்டு நுனி வெளியே வருவதற்கு முன் கையை நிறுத்த வேண்டும். இவர் இழுத்திருக்கிறார். உருண்ட இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. சூடேறிச் செத்த இரும்பு.

"இந்தச் சீசனுக்குப் போதும்க்கா," என்றார் நெமோதோ தாழ்ந்த குரலில். "சொன்னா சொன்னதுதான். கைத் தப்புன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. கத்தியாவது கெட்டுப் போயிருந்தா சரி, நாளைக்கு வேற கத்தியோட வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

"கெட்டுத்தான் போயிருக்கு. பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு குமாகாயைப் பார்த்தார்.

"தலைவர் நல்லாருக்குங்கிறார். நீங்க இல்லங்கிறீங்க. நான் யாரை நம்புறது? அவர் வாயால சொல்லட்டும்."

குமாகாய் ஏற்கெனவே லாரியைக் கிளப்பியிருந்தார். பின்னால் வேறு சங்கத்து வண்டி ஹாரன் அடித்தது.

குடிலுக்குத் திரும்பினோம். தொகாஷி வானொலியைப் போட்டான். நான் அணைத்தேன். அவன் மறுபடி போடவில்லை.

குடில் மேசைமேல் அந்த மெஷின் இருந்தது. செருப்பளவுதான் இருக்கும். இரண்டு உருளை, ஒரு விரல் அகலத்தில் உப்புத்தாள் பட்டை, கத்தியைச் செருக இரண்டு பக்கமும் சாய்ந்த பிளவு. சுற்றிலும் இரும்புத் தூள். அதில் கொஞ்சம் என்னுடையது.

கத்தியை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"இதை ஏன் தொட்டீங்க?"

"எல்லார் கத்தியையும் தீட்டினேன். உன்னுது மட்டும் விட்டா, என்னை ஏன் ஒதுக்கினீங்கன்னு கேப்பே."

"கேக்க மாட்டேன்."

"பொம்பளைங்க கேப்பாங்கம்மா." அவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார். "நல்லது பண்ணினேன். அதுல ஏதோ தெரியாதவன் தப்பான பக்கம் தீட்டி வச்சிருந்தான். ஒத்தைச் சரிவுன்னா வலப்பக்கம்ல இருக்கணும்? இது இடப்பக்கம் இருந்துச்சு. மறுபக்கம் ஒரே தட்டை. சரி, நம்ம மிட்சுயோ ஏமாந்துட்டா போலன்னு நினைச்சு, ரெண்டு பக்கமும் சமமா வச்சுத் திருத்தினேன்."

"நான் எந்தக் கையால குத்துவேன்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா நான் குத்துறதைப் பக்கத்துல நின்னு பாக்குறீங்க. எந்தக் கை?"

"வலது... நீ சாப்பிடுறது வலது கையிலதானே?"

"சாப்பிடுறது வலது. எழுதுறது வலது. பள்ளிக்கூடத்துல அடிச்சுத் திருத்தினது அது ரெண்டும். மிச்சமெல்லாம் இடது. தொகாஷிக்குத் தெரியும்."

"தெரியும்," என்றான் தொகாஷி. "நொட்டாங்கை அக்கான்னுதான் என் போன்லயே போட்டு வச்சிருக்கேன்." சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் தன் கத்தியை எடுத்துப் புரட்டினான். "என்னுது நல்லாத்தான் தீட்டியிருக்கார்க்கா. கடையில வாங்கின ரெண்டுபக்கக் கத்தி. மெஷின்மேல தப்பில்ல."

"மெஷின்மேல நான் தப்பு சொன்னேனா?"

அவன் கத்தியை உறையில் போட்டான்.

"சரி விடும்மா," என்றார் குமாகாய். "தெரியாம நடந்துபோச்சு. புதுசு ஒண்ணு அடிச்சுத் தரச் சொல்றேன். அதுவரைக்கும் என் கத்தியை வச்சுக்கோ."

"கத்தி வேணாம். நெமோதோகிட்ட சொல்லுங்க."

"என்னன்னு?"

"இப்ப என்கிட்ட சொன்னதை. கேக்காம எடுத்தேன், தட்டைப் பக்கத்தைத் தேச்சேன், நுனியைச் சுட்டேன், அவ கைமேல பழி போட்டேன்னு."

"பழியா? நான் எங்க பழி போட்டேன்? முடி சிரைச்சது உண்மை."

"முடி சிரைக்கவா நான் மலைக்குப் போறேன்?"

அவர் கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். இன்னும் கொதிக்கவில்லை.

"யோசிச்சுப் பாரு," என்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "திங்கக்கிழமை அவங்க கத்தியெல்லாம் தீட்டித் தரேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். எல்லார் முன்னாடியும். இப்பப் போன் போட்டு, எனக்குக் கத்தியோட எந்தப் பக்கம் எதுன்னு தெரியலன்னு சொல்லவா? இவ்வளவு வருஷம் தலைவரா இருந்துட்டு? சங்கத்துக்கே அசிங்கம்."

"எனக்கு?"

"நீ ஒரு குளிர்காலம் பொறுத்துக்கோ. அடுத்த வருஷம் நானே நெமோதோகிட்ட பேசிச் சரிபண்றேன்."

"அதுவரைக்கும் நான் என்னத்தைத் திங்கிறது? உங்க அசிங்கத்தையா?"

"மிட்சுயோ. வயசுக்கு மரியாதை கொடு."

"கொடுக்குறேன். அதனாலதான் இன்னும் நீங்கன்னு பேசிட்டிருக்கேன்."

தொகாஷி எழுந்து கதவுப் பக்கம் போனான். வெளியே போகவில்லை. குளிர்.

இடது கையால் போனை எடுத்தேன். நெமோதோவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மெஷினுக்கும் கத்திக்கும் நடுவே வைத்தேன். மணி அடித்தது. குமாகாய் போனை எடுக்கக் கை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை.

"சொல்லுங்கக்கா," என்றது நெமோதோவின் குரல். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.

"தலைவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்றேன்.

"தலைவரா? ஒரு நிமிஷம், குழாயை நிறுத்திக்கிறேன்." சத்தம் நின்றது. "ம், இப்பக் கேக்குது. சொல்லுங்க தலைவரே."