மூன்றாம் நாள் கன்னம்

கணவன் மனைவியைக் கன்னத்தில் அடிக்கும் காட்சியை வசனகர்த்தா கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். தொலைக்காட்சித் தொடர் நூறு பகுதிகளைத் தாண்டித் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. சூடாக ஏதாவது வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். கொடுத்தாள். எழுதி முடித்த கையோடு வயிறு நிறையச் சாப்பிடவும் செய்தாள்.

வியாழக்கிழமை விருந்தாளிகள் வரும் காட்சி. அதே மனைவி, அதே கணவனுக்கு அருகில் நின்று சிரித்தபடி பரிமாற வேண்டும். படப்பிடிப்பு வீட்டின் பின்னறையில், விளக்குகள் பதித்த கண்ணாடி முன் நடிகை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அக்கா என்றே கூப்பிடும் ஒப்பனைக்காரப் பெண்மணி, வசனகர்த்தாவைக் கண்ணாடி வழியாகவே பார்த்தாள்.

“கதைப்படி அடி விழுந்து எத்தனை நாள் ஆச்சும்மா?”

“மூணு நாள்.”

“அடிச்சவர் மோதிரம் போட்டிருந்தாரு. எலும்பு மேல பட்டிருக்கும்.”

வசனகர்த்தாவுக்கு மோதிரம் ஞாபகமே இல்லை. அக்கா சின்னச் சின்ன டப்பாக்களைத் திறந்தாள். முதலில் சிவப்பு, பிறகு கருநீலம், ஐந்தாறு நாளில் ஓரமெல்லாம் பச்சை, அப்புறம் மஞ்சள் என்று சமையல் குறிப்பு சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டே விரல் நுனியால் நிறத்தை ஒற்றினாள். பேருந்திலும் மருந்துக்கடை வரிசையிலும் பெண்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் படித்ததாம். யாரையும் வாய் திறந்து கேட்டதில்லையாம்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். “அக்கா, இது சீரியலா ஆஸ்பத்திரியா?”

அவர் கெட்டவர் அல்ல. அவர் கவலை அவருக்கு. திங்கட்கிழமை ஒளிபரப்பாகும்போது ஜனங்கள் அந்தக் கணவனை மறுபடி நேசிக்க வேண்டும். இரண்டு விளம்பரம் போனால் அடித்ததை மறந்துவிடுவார்கள், காயத்தைக் காட்டி நாமே ஞாபகப்படுத்துவதா என்று பொறுமையாகத்தான் விளக்கினார். வசனகர்த்தா தலையாட்டினாள். அவள் வேலைக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள்.

“சரி சார். தெரியாம பண்ணிடறேன்” என்றாள் அக்கா.

துடைப்பாள் என்று வசனகர்த்தா எதிர்பார்த்தாள். அக்கா துடைக்கவில்லை. காயத்தின் மேலேயே பவுடர் போட்டாள். அதுவும் இருபது வருஷம் பழகிய வலது கையால் அல்ல, இடது கையால்.

“இந்தப் பொண்ணுக்கு மேக்கப் தெரியாதுல்ல? விருந்தாளி வந்துடுவாங்கன்னு பாத்ரூம் கண்ணாடியில பாத்து அவசரமா அப்பியிருப்பா.”

பவுடர் கன்னத்தில் திட்டாக நின்றது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

வசனகர்த்தா கண்ணாடியை நெருங்கி வந்து பார்த்தாள். நூறு பகுதிகளாக இந்த மனைவியைத் தான்தான் உருவாக்குவதாக நினைத்திருந்தாள். அவளைச் சிரிக்க வைத்திருக்கிறாள், பக்கம் பக்கமாக அழ வைத்திருக்கிறாள். ஒருநாளும் அவளோடு குளியலறைக்குள் போனதில்லை. இந்த அக்கா போயிருக்கிறாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பொறாமைப்படக்கூடத் தோன்றவில்லை, கும்பிட வேண்டும் போலிருந்தது.

காமிரா தூரத்தில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. நெருங்கியதும் திட்டு தெரிந்தது. நடிகையோ, யாரும் சொல்லாமலே அந்தக் கன்னத்தை விருந்தாளிகளுக்குக் காட்டாமல் திரும்பித் திரும்பிப் பரிமாறினாள். விருந்தாளிகளில் மாமாவாக நடித்தவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மறந்தார்.

இயக்குநர் நிறுத்திவிட்டு வசனகர்த்தாவிடம் வந்தார். “மறுபடி மேக்கப்னா வெளிச்சம் போயிடும். ஒரு வரி போட்டு மூடுங்க. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு அவ சொல்லட்டும்.”

வசனகர்த்தா தாளோடு ஜன்னல் பக்கம் போனாள். ஒரே வரி. மனைவி தன் வாயாலேயே சொல்லிவிட்டால் எல்லாம் துடைத்துவிட்டது போலாகும். அடித்தவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவான். நடிகையின் கன்னத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இயக்குநர் கேட்ட வரியையே எழுதினாள். அதை மனைவிக்குக் கொடுக்கவில்லை.

மாமா கேட்பார்: “என்னம்மா கன்னத்துல?” அவள் வாய் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொள்வான்: “கதவுல இடிச்சுக்கிட்டா.”

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். “நான் கேட்டது இது இல்லையே.”

“அதே வரிதான் சார். பொய்யை யார் சொல்லணுமோ அவர் சொல்றாரு. பிடிக்கலைன்னா வேற ஆளை வச்சு எழுதிக்குங்க.”

அவள் பேனாவை மூடினாள். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், தாளை நடிகர்களிடம் நீட்டினார்.

கணவனாக நடித்தவன் ஒரே தடவையில் முடித்துவிடுவான் என்று பெயர் எடுத்தவன். “கதவுல இடிச்சுக்கிட்டா” என்று சொன்னான். நடிகை அவனைப் பார்க்கவில்லை. அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அவன் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கட் என்று சொல்ல வேண்டியவர் நெடுநேரம் சொல்லவில்லை.

முடிந்ததும் அவன் வேஷம் கலைக்காமல் நேராக வசனகர்த்தாவிடம் வந்தான்.

“மேடம், இவன் இனிமே அவ மூஞ்சியை எப்படிப் பாப்பான்?”

மறுநாளைக்கான பக்கங்கள் அவள் பையில் தயாராக இருந்தன. கணவனும் மனைவியும் சமாதானமாகிப் பூங்காவில் நடக்கும் காட்சி. அவள் பையைத் திறக்கவில்லை.

“தெரியலைங்க. முதல்ல அவ என்ன நினைக்கிறான்னு எழுதணும். உங்க முறை அப்புறம்தான்.”

“சரி, நான் இருக்கேன்” என்று அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.