அண்ணன் பிரேக்கை அழுத்தினானா?

அன்றைக்கு என் அண்ணன் பிரேக்கை அழுத்தினானா இல்லையா என்பதுதான் எங்கள் வீட்டில் ஏழு மாதமாக நடந்த வழக்கு. அழுத்தவே இல்லை என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அழுத்தினேன், கால் வலிக்க அழுத்தினேன் என்பது அண்ணன் கட்சி. சாட்சி கிடையாது. கார் என்னுடையதுதான், ஆனால் அதில் இரண்டே சீட். அன்றைக்கு இரண்டிலும் அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வயது முப்பத்தொன்று. நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். முதுகு பிடித்துக்கொண்டு, குனிந்து ஏற முடியாமல் போனதும் எனக்கு விற்றுவிட்டார். நர்ஸுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்காத ஆள் இல்லை. ஆசைக்குத்தான், வேறு எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். இவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து கீழே சிக்னல்வரை மூன்று கிலோமீட்டர் ஒரே இறக்கம். சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் அதைச் சட்டை பண்ணாமல் போய், திருப்பத்தில் மெத்தைக் கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த மெத்தைகளுக்குள் மூக்கை விட்டு நின்றது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. கிழிந்த மெத்தையைக் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டினார். இன்றுவரை அதில்தான் படுக்கிறோம். நல்ல மெத்தைதான், பொய் சொல்லக்கூடாது.

காரை விட்டு இறங்கியதும் இவர் சும்மா இருந்திருக்கலாம். அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு மச்சான். அழுத்தினா வண்டி நிக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாக ஜனங்களைப் பதினாலாவது மாடியிலிருந்து இறக்கிப் பத்திரமாக நிறுத்துவதுதான் அவன் பிழைப்பு. அவனிடம் போய் நிறுத்தத் தெரியாது என்றால் எப்படி இருக்கும்? "நான் அழுத்தினேன் மாப்பிள்ளை" என்றான். "அழுத்தியிருந்தா நின்னிருக்கும்" என்றார் இவர். அவ்வளவுதான். அண்ணன் நடந்தே வீட்டுக்குப் போனான்.

போனவன் வரவில்லை. போன் பண்ணினால் என்னோடு பேசுவான். வீட்டுக்கு வா என்றால், "மாப்பிள்ளை தன் வாயால 'நீங்க அழுத்தினீங்க'ன்னு சொல்லட்டும், அப்புறம் வாசப்படி மிதிக்கிறேன்" என்பான். இவரிடம் சொன்னால், "நடக்காததை எப்படிச் சொல்ல?" என்பார். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு அழுகை வரும். அழுகைக்குப் பின்னாலேயே கோபம் வரும். கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன.

இதற்கிடையில் கார் தகுதிச் சோதனையில் தோற்றது. முன்பக்கப் பிரேக் போதவில்லை, முப்பது நாளுக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் நம்பர் ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்காரர், "பழசை நோண்டாதீங்கம்மா, பெரிய பிரேக்கா மாத்திடுங்க. ஆனா என்கிட்ட ஆறு வாரம் வரிசை" என்றார். நானே சாமான்களை வரவழைத்தேன். பெரிய டிஸ்க் இரண்டு, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு, டிஸ்க்கை உரசி நிறுத்துகிற புது பேட், ஆயில் ஓடுகிற புது ஹோஸ். பெட்டி வந்து சேர்ந்தபோது முப்பதில் மூன்று நாள்தான் பாக்கி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை.

இவர் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர். ஸ்பானர் பிடிக்கத் தெரியும். ஆனால் பிரேக் மாற்றினால் கடைசியில் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் வெளியே சக்கரத்தருகே குந்திக்கொண்டு நிப்பிள் என்கிற குட்டித் திருகைத் திறந்து மூட வேண்டும். திருகை மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"நீ உக்காந்து அழுத்து" என்றார் இவர்.

"எனக்கு முழங்கால் வலி" என்றேன். வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "அண்ணனைக் கூப்பிட்டிருக்கேன்."

இவர் முகம் போன போக்கை எழுத முடியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் தன் கருவிப் பெட்டியோடு வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. தெருவிலிருந்து நேரே ஷெட்டுக்குள் போனான். ஷெட்டிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு இருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காபியை அந்தக் கதவின் வாசற்படியில் வைத்தேன். கையை நீட்டி எடுத்துக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையை நீட்டியே வைத்தான்.

காரை ஸ்டாண்டில் ஏற்றினார்கள். எப்படி ஏற்றினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவர் ஜாக்கியைப் பார்ப்பார், இன்னொருவர் கூரையைப் பார்ப்பார், கார் தானாக ஏறியது. அப்புறம் அண்ணன் இடது பக்கம் போய்க் குந்தினான், இவர் வலது பக்கம். நடுவில் என் கார். பேச்சு மூச்சு இல்லை.

நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பழைய காலிப்பரைக் கழற்றி உள்ளிருந்த பேடை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த பேட் கண்ணாடி போல மின்னியது, குறுக்கே வெடித்திருந்தது. டிஸ்க்கைத் துணியால் துடைத்தார். இரும்பு சூடேறி ஆறினால் வருமே ஒரு நீலம், அது வட்டமாக ஓடியிருந்தது. சும்மா இருந்த பிரேக்குக்கு அந்த நிறம் வராது. மூன்று கிலோமீட்டர் இறக்கம் முழுக்க ஒருவன் விடாமல் மிதித்திருக்க வேண்டும். கடைசியில் எவ்வளவு மிதித்தும் பிடிக்காத அளவுக்கு அது வெந்துபோயிருக்க வேண்டும். எனக்கே புரிந்தது. இவருக்குப் புரியாமல் இருக்குமா?

இவர் அண்ணன் பக்கம் பார்த்தார். அண்ணன் ஒரு துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துப் பேடும் அதே கதியில்தான் இருந்திருக்கும். ஆனால் தான் அழுத்தியது அவனுக்குத் தெரிந்த விஷயம், அதை எதற்கு உற்றுப் பார்க்கப்போகிறான்? இவர் மெதுவாக அந்த பேடைத் தன் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே பாக்கெட்டைக் கிழித்துக் காட்டியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் காட்டி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய வாய் வேறு.

பெட்டியிலிருந்து அண்ணன் ஒரு காலிப்பரை எடுத்தான். மிச்சமிருந்ததை இவர் எடுத்தார். மாட்டினார்கள். இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்து, காற்று எடுக்க வேண்டிய கட்டம் வந்தது. அண்ணன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். இவர் ஒரு பாட்டிலும் பிளாஸ்டிக் குழாயும் வைத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார்.

"அழுத்தச் சொல்லு" என்றார் என்னிடம்.

"அழுத்துண்ணா."

"அழுத்தியாச்சுன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"அழுத்தியாச்சாம்."

"பிடிச்சுக்கச் சொல்லு."

"பிடிச்சுக்கோண்ணா."

"விடச் சொல்லு."

இப்படியே ஒரு மணி நேரம். இருவருக்கும் இடையில் நாலடி தூரம். ஆஸ்பத்திரியில் காது கேட்காத கிழவருக்கும் வாய் திறக்காத அவர் மகனுக்கும் நடுவில்கூட நான் இத்தனை தூது போனதில்லை. இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது. பெடல் மட்டும் ஊறின பஞ்சு மாதிரி தரைவரைக்கும் போனது.

"ஆயில் சரியில்லையோ என்னவோ, கேளு" என்றான் அண்ணன்.

"ஆயில் சரியாத்தான் இருக்கு. அழுத்துறதுதான் சரியில்லன்னு சொல்லு" என்றார் இவர்.

அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, நாலடி தூரம்தானே. அண்ணன் காரைவிட்டு இறங்கித் தன் ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். போனால் இனி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

எழுந்து போய் அந்தச் சக்கரத்தருகே நானே குந்தினேன். முழங்கால் வலிக்காரி குந்துகிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை. காலிப்பரைப் பார்த்தேன். நிப்பிள் அதன் அடியில் இருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அடியில்.

நான் பத்தொன்பது வருடமாக நோயாளிகளுக்கு டிரிப்ஸ் ஏற்றுகிறவள். குழாயில் ஒரு குமிழி இருந்தால் அது எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"காத்து மேலதானே போகும்? ஓட்டை ரெண்டு பக்கமும் கீழ இருக்கே. அது எந்த வழியா வெளிய வரும்?"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். இடதில் மாட்ட வேண்டியது வலதில் இருந்தது, வலதில் மாட்ட வேண்டியது இடதில். போல்ட் எந்தப் பக்கமும் சேரும், நிப்பிள் மட்டும் தலைகீழாகிவிடும். பெட்டியைத் திறந்தபோது "இது எந்தப் பக்கம்?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டிருந்தால் போதும். லிஃப்ட் ஓட வைக்கிற ஒருவன், மெஷின் ஓட வைக்கிற ஒருவர். இரண்டு வார்த்தைக்கு இத்தனை பஞ்சம்.

"ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க" என்றேன். "இனி நான் ஒருத்தருக்கும் எதுவும் சொல்லமாட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வண்டி அங்க நிக்கணும். நிக்கலேன்னா ரெண்டு பேரோடயும் நான் பேசமாட்டேன். எப்படிப் பேசாம இருக்கிறதுன்னு எனக்கு ரெண்டு நல்ல வாத்தியார் இருக்கீங்க."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உடனே அதில் காதை வைத்தேன்.

வெகுநேரம் இரும்புச் சத்தம் மட்டும் கேட்டது. கதவிடுக்கால் பார்த்தேன். இருவரும் ஆளுக்கொரு காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பானட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள். கடைசியில் அண்ணன் தன்னுடையதை நீட்டினான். இவர் வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தார். பழையபடி குனிந்துகொண்டார்கள்.

மணி ஐந்து இருக்கும்.

"அழுத்துங்க" என்றது இவர் குரல். ஆளில்லாத அறையைப் பார்த்துச் சொல்வது போல.

"அழுத்திட்டேன்."

"பிடிங்க." பாட்டிலில் பொடுபொடுவென்று குமிழி வந்தது. "விடுங்க."

"விட்டுட்டேன்."

"அழுத்துங்க."

பத்துத் தடவை, பதினைந்து தடவை. குமிழி குறைந்துகொண்டே வந்தது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போனார்கள். "பெடல் கெட்டியாகுது" என்றான் அண்ணன். "ம்" என்றார் இவர். நான் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.

"இது கடைசி. அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

"பிடிங்க."

அதற்கப்புறம் வர வேண்டிய "விடுங்க" வரவில்லை. இடுக்கால் பார்த்தேன். இவர் ஒரு கையில் திறந்த நிப்பிள்மேல் ஸ்பானரைப் பிடித்தபடி, இன்னொரு கையால் பாக்கெட்டிலிருந்து அந்த வெடித்த பேடை எடுத்துக் காரின் திறந்த கதவு வழியாக நீட்டினார்.

"மச்சான், இது அந்தப் பழைய பேட். வெந்துபோயிருக்கு. டிஸ்க்கும் நீலமாயிருக்கு. காலையிலேயே பார்த்துட்டேன். சொல்ல வாய் வரல." பேடை அண்ணன் மடியில் வைத்தார். "அன்னைக்கு நீங்க அழுத்தினீங்க. மேலேர்ந்து கீழவரைக்கும் அழுத்திக்கிட்டேதான் வந்திருக்கீங்க. அத்தனை பேருக்கு நடுவுல நான் அப்படிச் சொன்னது தப்பு. பயத்துல சொன்னேன். எனக்கு அன்னைக்கு உயிரே போயிடுச்சு மச்சான். அதை ஒத்துக்க வெக்கப்பட்டுக்கிட்டு..."

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். ஏழு மாதத்துப் பேச்சு. அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. தொடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றான்.

"சொல்லுங்க மச்சான்."

"நிப்பிளை மூடிட்டுப் பேசுங்க. நான் இன்னும் அழுத்திட்டுத்தான் இருக்கேன்."

இவர் பதறிப்போய்த் திருகை மூடினார். அண்ணன் காலை எடுத்து, இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தான். பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

நான் ஓடிப்போய் அடுப்பருகே நின்று, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன். ஷெட்டுக் கதவு திறந்தது. அண்ணன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். தொட்டியில் கையைக் கழுவி, கறுப்பெல்லாம் போகாமல், என் புதுத் துண்டை எடுத்துத் துடைத்தான். வேறு நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

"மெத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. துண்டை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது.